கிரகணத்தின் மேல் போட்ட பழி

என் தங்கை மகன் கிருஷ்ணகுமாருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஆவணி மாதம். முதலில் இடது கண். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் தெரிவதாகச் சொன்னான். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. ஏழு வாரம் கழித்து வலது கண்ணிலும் அதே வட்டம். அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது.

இடது கண் மங்குவதற்குச் சில நாள் முன்புதான் சூரியகிரகணம் வந்துபோயிருந்தது. வலியசாலையில் எங்கள் தெருவில் விசாரித்தவர்களிடம், பையன் கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்துவிட்டான் என்று சொன்னேன். அவனையும் அப்படியே சொல்லச் சொன்னேன். அவன் மறு பேச்சுப் பேசவில்லை.

நான் நில அளவைத் துறையில் தலைமை வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தாணுமாலையன் பிள்ளை என்றால் அந்த அலுவலகத்தில் இன்றும் எழுந்து நிற்பவர்கள் உண்டு. முப்பத்தாறு வருடப் பணியில் ஒரு கோட்டைக்கூட இல்லாத இடத்தில் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் பொய் சொன்னதற்குக் காரணம் கிருஷ்ணகுமாரின் தங்கை திவ்யலட்சுமி. என் தங்கை பொன்னம்மையும் அவள் கணவரும் காலமான பிறகு இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு. கரமனையில் கோலப்பன் பிள்ளையின் மகன் சிவதாணுவுக்கு திவ்யாவைப் பேசி முடித்திருந்தோம். தை மாதம் முகூர்த்தம். பெண்ணின் அண்ணனுக்குக் கண் போனது தானாக வந்தது என்றால் ஒரு பேச்சு, அவனுடைய அசட்டுத்தனத்தால் வந்தது என்றால் வேறு பேச்சு. முன்னது குடும்பத்தைத் தொடும். பின்னது அவனோடு நிற்கும்.

கண் மருத்துவர் கிரகணக் கதையை நம்பவில்லை. அவனுடைய ரத்தத்தை ஓர் ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, குடும்ப விவரங்களுடன் பெரியவர்கள் யாராவது வரவேண்டும் என்று அங்கிருந்து கடிதம் வந்தது. நான் தனியாகப் போனேன்.

என்னை உட்காரவைத்துப் பேசியவள் அஜிதா என்ற பெண். மார்த்தாண்டத்துக்காரி, முப்பது வயது இருக்கும். செல்கள் எப்படிச் சாகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி என்றாள். அவள் கேட்பதற்கு முன்பே, நான் கொண்டுபோயிருந்த வம்சப் படத்தை மேசையில் விரித்தேன். வரைபடத் துணியில் இந்திய மையால் நானே வரைந்தது. ஏழு தலைமுறை, தகப்பனிலிருந்து மகனுக்கு, கிளை கிளையாக.

அவள் குனிந்து பார்த்தாள்.

"நல்ல கையெழுத்து சார். இதுல பெண்ணுங்க எங்க?"

"அவர்கள் வேறு வீட்டுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டுப் படத்தில் வருவார்கள்."

"அங்கேயும் இப்படித்தான வரைஞ்சிருப்பாங்க?"

அவள் கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைக் காட்டினாள். கிருஷ்ணகுமாருடைய செல்கள் அல்ல, ஆய்வுக்காக வளர்த்தவை என்று முதலிலேயே சொன்னாள். ஒரு படத்தில் கறுப்புப் பின்னணியில் நூல் நூலாகப் பச்சை வெளிச்சம். மற்றதில் அந்தப் பச்சை, நூல்களை விட்டு வெளியே வந்து செல் முழுவதும் பரவியிருந்தது. நான் போட்ட கோட்டின் மேல் தண்ணீர் விழுந்தது போல இருந்தது.

"இந்த நூலு மாதிரி கெடக்கதுதான் மைட்டோகாண்ட்ரியா, சார். நாம தின்னுத சோத்தை சக்தியா மாத்திக் குடுக்கது இதுதான். இதுக்க சுவர்கிட்ட ரெண்டு கூட்டம் புரதம் உண்டு. ஒரு கூட்டம் சுவர்ல துளை விழாம பாத்துக்கிடும். அதுல ஒண்ணுக்குப் பேரு பிசிஎல் ரெண்டு. மத்த கூட்டம் துளை போடுதது. பாக்ஸ்னு ஒண்ணு, சாதாரணமா வெளிய சும்மா அலைஞ்சிட்டு கெடக்கும். செல்லுக்கு இனித் தாங்காதுன்னு ஆகும்போ சுவர்ல போய் ஒட்டி, கூட்டமாச் சேந்து துளை போட்டிரும்."

"அப்புறம்?"

"உள்ள சைட்டோகுரோம் சி-ன்னு ஒரு புரதம் உண்டு. இந்தப் பச்சை அதுதான். உள்ள இருக்கது வரைக்கும் செல்லு மூச்சு விட அது வேணும். துளை வழியா வெளிய வந்திட்டா, சாவுக்க வேலையை அதுவே தொடங்கி வைக்கும். ஆளு ஒண்ணுதான் சார், நிக்குத இடம் மாறிப் போச்சு."

"யார் கொல்கிறார்கள்?"

"ஆரும் கொல்லல்ல. செல்லே தன்னை மடக்கி வச்சிட்டுப் போகுது. சத்தம் இல்ல, வீக்கம் இல்ல, சீழ் இல்ல. பக்கத்துல இருக்க செல்லு மிச்சத்தைத் தின்னு தீத்திரும். அதனாலதான் உங்க பையனுக்கு வலியே இல்லாம போச்சு. இது நோய்க்குன்னு வந்த ஏற்பாடும் இல்ல சார். அம்மைக்க வயித்துல இருக்கும்போ நமக்கு விரலுக்கு இடையில தோலு உண்டு. அந்த செல்லு எல்லாம் இப்படிப் போனதினாலதான் விரலு பிரிஞ்சுது."

நான் என்னை அறியாமல் என் விரல்களைப் பார்த்தேன்.

கிருஷ்ணகுமாருடைய மைட்டோகாண்ட்ரியாவில் பிறவியிலேயே ஒரு சிறு பிழை என்றாள். அதனால் சோற்றைச் சக்தியாக்கும் அந்த அடுப்பு சரியாக எரியாமல் புகைகிறது. உடம்பின் மற்ற செல்கள் அந்தப் புகையைச் சமாளித்துக்கொள்கின்றன. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் செல்களால் முடியவில்லை. ஏதோ ஒரு நாளில் காக்கும் புரதங்களின் கை தாழ்ந்து, துளைக்கும் புரதங்களின் கை ஓங்கிவிடுகிறது. "அப்படித்தான்னு நாங்க நெனைக்கோம். ஜீவனுள்ள கண்ணுக்குள்ள போய் ஆரும் பாத்ததில்ல" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"இந்தப் பிழை எங்கிருந்து வந்தது?"

"அம்மைட்ட இருந்து. மைட்டோகாண்ட்ரியா அம்மை வழியா மட்டும்தான் வரும் சார். அப்பனுக்கது பிள்ளைக்கு வராது. உங்க குடும்பத்துல வேற ஆருக்காவது சின்ன வயசுல கண்ணு போயிருக்கா?"

"இல்லை" என்றேன்.

அது இரண்டாவது பொய். எங்கள் வீட்டில் கண் போனவர்களைப் பற்றி எங்கள் வீட்டுக்குள்ளேயே பேசுவதில்லை.

எங்கள் முன்னோர் பூதப்பாண்டிக்காரர்கள். அந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டில் எங்களவர் மருமக்கள் வழி. மாமனின் நிலம் அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். என் அம்மையின் மாமனுக்கு இளமையிலேயே கண் போயிற்று. அவருக்குப் பின் நிலத்தைப் பெற்ற மருமகனுக்கும், அதாவது என் மாமனுக்கும், போயிற்று. மாமனுக்கு அடுத்து மருமகன் என்று வந்ததால், நிலத்தோடு சேர்ந்து வருகிற தோஷம் என்று முடிவு கட்டினார்கள். சட்டம் மாறி, தகப்பன் சொத்து அவர் மக்களுக்கே என்று ஆனபோது, எங்கள் வீட்டில்தான் முதலில் பாகம் பிரித்தார்கள். மருமகன் மாமனின் சொத்தைத் தொடாவிட்டால் கண் பிழைக்கும் என்று நினைத்தார்கள்.

என் அண்ணன் மாதேவன் மாமனுடைய ஒரு செண்டு நிலத்தையும் தொட்டதில்லை. பத்தொன்பதாவது வயதில் அவருக்குக் கண் போயிற்று. அப்பாவின் வயலுக்குள் மாமனுடைய பழைய வரப்பு ஒன்று கலந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அந்தத் துண்டையும் விற்றார்கள். அண்ணனைப் பின்கட்டு அறையில் வைத்திருந்தார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, மூத்தவர் எங்கே என்று கேட்டார்கள். கொழும்பில் இருக்கிறார் என்று அப்பா சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்தன்று நாதஸ்வரம் பின்கட்டு வரை கேட்டிருக்கும்.

இதை எல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிலாக, "என் ரத்தத்தையும் எடுத்துப் பாருங்கள். எனக்கு எழுபத்திரண்டு வயது. கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டு படிக்கிறேன். எங்கள் அம்மை வழியில் குறை கிடையாது" என்று சட்டைக் கையை மடக்கினேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டாள். அதே பிழை என் ரத்தத்திலும் இருந்தது.

"அப்படியானால் எனக்கு ஏன் கண் போகவில்லை?"

"அதுதான் சார் எங்களுக்கும் தெரியாதது. பிழை உள்ள ஆம்பிளைகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் போகும். பெண்ணுங்கள்ல பத்துல ஒருத்தருக்கு. சாருக்க செல்லுல அந்தத் துளை விழல்ல. காத்து நிக்குதது எதுன்னு பாக்கத்தான் நாங்க இருக்கோம்."

"என் மகன்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட வந்தது உங்களோட தீந்தாச்சு."

என் மகன்கள் இருவரும் பரோடாவிலும் பம்பாயிலும் இருக்கிறார்கள். சிறு வயதில் அவர்கள் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் விளக்கடிக்குக் கூட்டிப்போய்க் காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்வேன். முப்பது வருடப் பயம் ஒரு சொல்லில் போயிற்று. அந்த நிம்மதி மூச்சு விடும் நேரம்தான் நின்றது. அதே சொல் திவ்யாவை எங்கே வைக்கிறது என்று உடனே புரிந்தது.

"கிருஷ்ணகுமாருக்கத் தங்கச்சிக்குக் கட்டாயம் இருக்கும் சார். பிறக்குத பிள்ளைகளுக்கும் போகும். அவளுக்குச் சொல்லணும்."

"கல்யாணம் முடியட்டும். சொல்கிறேன்."

"முடிஞ்ச பொறவு சொன்னா அது சொன்னதா ஆகுமா சார்?"

எங்கள் வீட்டுக் காரியத்தை எனக்குப் பார்க்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இரண்டு வாரம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லத் தீர்மானித்து, மாலையில் நாளைக்கு என்று தள்ளினேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிற்று.

மார்கழி முதல் வாரத்தில் கோலப்பன் பிள்ளை மண்டபக் காரியம் பேச எங்கள் வீட்டுக்கு வந்தார். சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம். வாய் ஓயாத மனிதர். கிருஷ்ணகுமார் சுவரைப் பிடித்து வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"என்ன மருமகனே, கணக்குல பெரிய ஆளாம். சூரியன் எத்தனை மைலுன்னு கண்ணாலயே அளந்து பாத்திட்டியோ?" என்று சிரித்தார்.

கிருஷ்ணகுமாரும் சிரித்தான். "தப்பாப் போச்சு மாமா."

"எனக்கக் கடையில சாக்கு தூக்குதவனுக்குக்கூட தெரியும், கிரகணத்தைப் பாக்கப்பிடாதுன்னு. படிப்பு கூடினா புத்தி கொறையும் போலருக்கு. என்ன அண்ணாச்சி?"

நான் தலையை ஆட்டினேன். அப்போது காப்பி கொண்டுவந்த திவ்யா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணன் கிரகணம் பாக்கல்ல, மாமா."

கோலப்பன் நிமிர்ந்தார்.

"அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல ஒரு சன்னல்கூடத் திறக்க விடல்ல. எங்க மாமாதான் சாத்தச் சொன்னாவ. தண்ணிக் குடத்துல தர்ப்பை போட்டு, எல்லாரும் நடுக்கூடத்துல இருந்தோம். அண்ணன் எனக்கப் பக்கத்துல இருந்து நாமம் சொல்லிட்டு இருந்தான்."

"நீ உள்ளே போ" என்றேன்.

போனாள். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்திருப்பான், பெண்களுக்கு என்ன தெரியும் என்று நான் சொல்ல, கோலப்பன் பேச்சை மண்டபத்துக்குத் திருப்பினார். ஆனால் புறப்படும்போது என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் போனதும் திவ்யா வந்தாள். "அவனை என்னத்துக்கு மாமா முட்டாளாக்குதிய? எத்தனை பேரு முன்னால அவன் இப்படிச் சிரிப்பான்?"

"எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காவன்னா எங்கிட்ட சொல்லணும்லா?"

கிருஷ்ணகுமார் நான் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பிச் சொன்னான்: "அஜிதா மேடம் எங்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு மாமா. நோயாளி நான்தான, கேட்டேன், சொன்னாங்க. ரெண்டு வாரமா நீங்க சொல்லுவியன்னு காத்துட்டு இருக்கேன். என்னை மடையன்னு சொன்னா எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகாது. கண்ணு போனவனுக்கு இது பெருசா? ஆனா இவளுக்கு ஒரு பயல் பிறந்து, அவனுக்கு இருபது வயசுல இது வந்தா, அன்னைக்கு எந்தக் கிரகணத்தைச் சொல்லுவா இவ?"

என் வீட்டில் என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. நான் உட்கார்ந்து, திவ்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதேவன் அண்ணனைப் பற்றியும் சொன்னேன். பின்கட்டு அறையைப் பற்றிச் சொல்லும்போது நான் நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டியிருந்தது.

அவள் அழவில்லை. "அம்மைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அண்ணனுக்குக் கண் போனது தெரியும். அவள் வழியாக வரும் என்று தெரியாது. யாருக்கும் தெரியாது."

"எனக்குப் பெண் பிறந்தா?"

"அவளுக்கும் போகும். அவள் பிள்ளைகளுக்கும்."

காப்பித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அவருக்குத் தெரியாம நான் கழுத்தை நீட்ட மாட்டேன். நீங்கதான் போய்ச் சொல்லணும். பொய் சொன்னது நீங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கரமனைக்கு பஸ் ஏறினேன். கோலப்பன் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு, நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதை ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொன்னிய? சொல்லல்லைன்னா எனக்கு எப்படித் தெரியப் போகுது?"

"அதனால்தான் சொன்னேன்."

அவர் எழுந்து நடந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எண்ணூறு பேருக்குக் கார்டு குடுத்தாச்சு. இனி நின்னுதுன்னா எனக்குத்தான் நாணக்கேடு. ஒண்ணு செய்வோம். இது நம்ம ரெண்டு பேருக்க இடையில நிக்கட்டும். எனக்க மவன்கிட்ட சொல்லாண்டாம். பிறக்குதது பயலா பெண்ணான்னு ஆரு கண்டா? பயலுன்னாலும் பாதிக்குப் பாதிதான. கடவுள் பாத்துக்கிடுவாரு."

இரண்டு மாதம் முன்பு அவர் இப்படிச் சொல்லியிருந்தால் நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றியிருப்பேன். இப்போதும் ஒரு கணம் அந்தக் கதவு எனக்காகத் திறந்து நின்றது. கல்யாணம் நடக்கும், குடும்பப் பெயர் நிற்கும், திரும்பிப் போய் திவ்யாவிடம், அவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று என்று ஒரு வார்த்தை போதும். என் அப்பாவாக இருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

"சிவதாணுவைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

"அண்ணாச்சி, யோசிச்சுப் பேசணும்."

"கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் நான் வாசலில் நின்று சொல்வேன்."

சிவதாணு மின்சார வாரியத்தில் வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன். நின்றபடியே கேட்டான். முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டான். "திவ்யாவுக்குத் தெரியுமா?"

"அவள் சொல்லித்தான் வந்தேன்."

"அப்போ நான் அவகிட்ட பேசுதேன்."

அடுத்த நாள் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். தாலி ஏறுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தனியாக வந்து பெண்ணோடு பேசுவதை நான் அனுமதித்திருக்க மாட்டேன். அன்று முன்னறையை அவர்களுக்கு விட்டுவிட்டு உள்ளே போனேன். அரைமணி நேரம் ஆயிற்று. குரல்கள் உயரவில்லை. போகும்போது அவன் கிருஷ்ணகுமாரிடம் போய் அவன் கையைப் பிடித்து, "வாறேன்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாட்டேன்னுட்டாரு" என்றாள் திவ்யா. "பயமா இருக்குன்னு சொன்னாரு. ஒளிக்காம சொன்னாரு. எனக்குக் கோவம் வரல்ல மாமா." வாசல் கதவைச் சாத்திவிட்டு, "கொஞ்சம் கோவம் வந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஜாதகத்தில் பிசகு என்று கோலப்பன் பிள்ளை சாலைக் கம்போளத்தில் சொல்லிவைத்தார். எனக்கும் ஆள் விட்டு, அதையே சொன்னால் இரண்டு வீட்டுக்கும் நல்லது என்றார். நான் பதில் அனுப்பவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பழவங்காடி கோவில் வாசலில், என்னோடு நில அளவையில் இருந்த நீலகண்ட பிள்ளை என்னை நிறுத்தினார். அவருக்கும் பூதப்பாண்டிதான் பூர்வீகம். தேங்காய் உடைக்க நிற்கிறவர்களின் கூட்டத்தில் நாங்கள் இருவரும் ஓரமாக ஒதுங்கினோம்.

"ஜாதகம் பொருந்தல்லையாமே, தாணு?"

"ஜாதகம் இல்லை. எங்கள் வீட்டில் கண் போகும். பெண்கள் வழியாக வருகிறது. என் அண்ணன் மாதேவனுக்குப் போயிற்று. அவர் கொழும்புக்குப் போனதே இல்லை. என் ரத்தத்திலும் இருக்கிறது, எனக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கிருஷ்ணகுமார் கிரகணத்தைப் பார்க்கவில்லை. அது நான் கட்டிய கதை."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஆனால் போய்விடவில்லை. இரு பக்கமும் பார்த்தார்.

"எனக்க அம்மைக்கக் கூடப்பிறந்தவருக்கும் போச்சுது. இருபத்தொண்ணு வயசுல. பொகையிலை போட்டதினாலன்னு சொன்னாவ. எனக்கத் தங்கச்சி மகளுக்கு ஒரு பயல் உண்டு, தாணு. பதினாறு முடியுது." "மருந்து இருக்கா?"

"இல்லை."

"பின்ன தெரிஞ்சு என்ன செய்யியதுக்கு?"

பையன் பீடி, சிகரெட், சாராயம் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவை அந்தச் செல்களை மேலும் நலிவாக்கும் என்று அஜிதா சொல்கிறாள் என்றேன். கண் போனாலும் பின்கட்டில் வைக்கவேண்டியதில்லை என்றும் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

அவர் அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். அதில் ஆய்வு நிலையத்தின் விலாசத்தையும் அஜிதாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.